விலாசம் மறுக்கப்பட்டவர்கள்

தங்கக்கனி தன்னுடைய இன்டர்நெட் லைனில் விளம்பரங்களை நிறுத்திய பதினோராம் நாள் காலையில், நிறுத்தப்பட்ட விளம்பரங்கள் எல்லாம் காக்காத்துறைக்கு நடந்தே வந்து சேர்ந்தன. மேற்கேயிருந்து தார்ரோட்டு வழியாக வரவில்லை. கிழக்கே, ஊருக்கும் கடலுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் உப்பளங்களின் வரப்புகளைப் பிடித்துக்கொண்டு, வரிசை கலையாமல், சிரிப்பு மாறாமல் வந்தன. முன்னால் குக்கரைக் கையில் ஏந்திய மாப்பிள்ளைக்கோலத்து ஆள், அவனுக்குப் பின்னால் சீட்டுக்கட்டை விசிறிபோல விரித்துப் பிடித்த கூலிங்கிளாஸ்காரன், முழங்கால் வரை முடி தொங்கும் எண்ணெய்ப் பெண், பல்லைக் காட்டும் டாக்டர், மனைப்பட்டாவை நெஞ்சோடு அணைத்த கோட்டுக்காரர் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து, "இவங்க நம்ம போன்ல வாரவங்கல்லா" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அவ்வளவு பேர் நடந்தும் ஈரப் பாத்திகளில் ஒரு காலடித் தடம்கூட விழவில்லை.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது தங்கக்கனிக்கு மட்டும் உடனே புரிந்தது.

காக்காத்துறைக்கு எந்த டவரின் சிக்னலும் ஒழுங்காக எட்டாது. ஊரில் இருக்கும் அறுநூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் மாதா கோயில் மண்டபத்துக்கும் அவள் புருஷன் அருளப்பன் இழுத்துப்போட்ட ஒற்றை லைன்தான் உலகத்தைக் கொண்டுவந்தது. அந்த அருளப்பன் போன ஐப்பசியில் உப்புக் கம்பெனி மோட்டார் லைன் போஸ்டில் ஏறி, அறுந்துபோன கேபிளை முடிந்துகொண்டிருந்தான். மோட்டார் ரூமில் சொல்லிக் கரண்டை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான். ஆனால் ஷிப்டு மாறி, விஷயம் தெரியாத புது ஆள் மோட்டார் ரூமுக்குள் நுழைவதை, போஸ்டடியில் நின்ற கோயில்மணி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டான். கோயில்மணி அருளப்பனுக்குச் சித்தப்பா மகன், லைன் வேலையில் கூட்டாளி, நிழல்போலக் கூடவே திரிகிறவன். அவன் கையில் போன் இருந்தது, போனில் அவன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு இருந்தது, விளையாட்டின்மேல் முகக்கிரீம் பெண் ஒருத்தி திரை முழுக்க வந்து நின்றிருந்தாள். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் ஓடி முடிந்து, மூலையில் துவரம்பருப்பு அளவுக்குப் பெருக்கல் குறி வந்ததும், உப்பு பூத்த விரலால் அவன் அதைத் தொட, குறி தப்பி இன்னொரு பக்கம் திறந்து, அங்கேயும் அவளே சிரித்தாள். அவளைத் தள்ளிவிட்டு மோட்டார் ரூமின் நம்பரை அவன் அழுத்துவதற்குள் போஸ்டின் உச்சியில் நீலமாய் ஒரு வெளிச்சம் வெடித்தது. அருளப்பன் கீழே விழவில்லை. பெல்ட்டில் தொங்கியபடி, தலைகவிழ்ந்து, புகைந்துகொண்டிருந்தான்.

முப்பதாம் நாள் கழிந்ததும் தங்கக்கனி அவனுடைய கேபிள் ஆபீசைத் திறந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், வீடியோ பார்த்துப் பார்த்து, எழுதிவைத்து, அடித்து, திருத்தி, மூன்று மாதத்தில் ஒரு வித்தை கற்றாள். போன்கள் எதைக் கேட்டாலும், அது இருக்கும் விலாசத்தை முதலில் யாராவது சொல்லியாக வேண்டும். அந்த விலாசம் சொல்லும் வேலையை அவள் சோப்பு டப்பா அளவுள்ள ஒரு பெட்டிக்குக் கொடுத்து, அதைத் தன் லைனின் வாசலில் உட்கார வைத்தாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பெயர்களை ஏற்றினாள். அந்தப் பெயர்களில் எதைக் கேட்டு எந்தப் போன் வந்தாலும், அப்படி ஒருவர் கிடையாது என்று பெட்டி சொல்லிவிடும். ஒவ்வொரு போனிலும் போய் எதையும் மாற்றத் தேவையில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் பெட்டியை உயிர்ப்பித்தாள். காக்காத்துறை முழுக்க, ஒரே மூச்சில், விளம்பரங்கள் நின்றன.

விலாசம் மறுக்கப்பட்டவர்கள் பத்து நாள் எங்கே அலைந்தார்களோ தெரியாது. பதினோராம் நாள் நேரில் வந்துவிட்டார்கள்.

முதல் வாரம் ஊர் அவர்களை விருந்தாளிகளாகத்தான் பார்த்தது. டீக்கடை பெர்க்மான்ஸ் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், குடிக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் அந்தோணிப்பிச்சை அளத்துக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த கால்பந்து மைதானத்தை அவர்களுக்கு ஒதுக்கினார். நாய்கள் அவர்களைப் பார்த்துக் குரைக்கவில்லை, ஈ அவர்கள்மேல் உட்காரவில்லை, வெயில் அவர்களைக் கறுக்கடிக்கவில்லை. யாராவது ஆறடி தூரத்துக்குள் போனால் போதும், குக்கர்காரன் மூன்று விசிலில் பிரியாணி என்பான், டாக்டர் பல் கூச்சமா என்பார், சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து சொல்வார்கள். எல்லோருடைய வலது தோளுக்கும் மேலே, காற்றில், துவரம்பருப்பு அளவில் ஒரு பெருக்கல் குறி மிதந்தது. அதைச் சரியாகத் தொட்டால் மறைந்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் சரியாகத் தொட்டவர்கள் ஒருவரும் இல்லை. விரல் கொஞ்சம் விலகினாலும் இன்னும் ஆசையாய்க் கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அவர்கள் வந்த ஒன்பதாம் நாள் முகக்கிரீம் பெண் வந்தாள்.

மோட்டார் லைன் போஸ்டுக்கு அடியில், அருளப்பனின் பூட்ஸ் கருகி விழுந்த அதே இடத்தில், கிளிப்பச்சைப் புடவையில் வந்து நின்றாள். கேபிள் பார்க்கப் போன தங்கக்கனி அவளை அங்கே கண்டாள். அந்த முகத்தை அவள் முன்னால் பார்த்ததில்லை. ஆனால் அருளப்பனின் அடக்கத்தன்று கோயில்மணி தன் நெற்றியைச் சுவரில் மோதி மோதி, "பச்சைச் சேலை மதினி, பச்சைச் சேலை" என்று கதறியது அவள் காதிலேயே இருந்தது.

"ஏழே நாளில்," என்றாள் அந்தப் பெண், "வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்."

"யாருன்னு தெரியுதா உனக்கு?" என்று தங்கக்கனி கேட்டாள். "இந்தப் போஸ்டுல தொங்கினவன் பொண்டாட்டி நான்."

"ஏழே நாளில்," என்றாள் அவள், அதே சிரிப்போடு, "வித்தியாசத்தை நீங்களே பாருங்கள்."

வரப்பில் உப்பு வாரும் பலகை ஒன்று கிடந்தது. தங்கக்கனி அதன் நீளக் கம்பைப் பிடித்துத் தூக்கி, இரண்டு கையாலும் ஓங்கி, அந்தச் சிரிப்பின்மேல் இறக்கினாள். தாடை ஒரு பக்கமாய்ப் பிய்ந்து தொங்கியது. ரத்தம் வரவில்லை, பிளந்த இடத்திலிருந்து போன் திரையின் வெள்ளை வெளிச்சம் கொட்டியது. மறுபடி அடித்தாள், விழுந்தவளின் மண்டையில் அடித்தாள், விரல்களில் அடித்தாள், கை வலித்துத் தன் மூச்சே தனக்கு இரைச்சலாய்க் கேட்கும் வரை அடித்தாள். பிறகு ஐந்து நொடி கழிந்தது. பிய்ந்தவை கூடின, அந்தப் பெண் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, ஏழே நாளில் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சுற்றி வேலைசெய்த நாற்பது பேரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கக்கனி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஆறு மாதமாக அவளுடைய விலா எலும்புகளுக்குள் கல்லாய்க் கிடந்த ஏதோ ஒன்று கரைந்து இறங்கிவிட்டதை அவள் உணர்ந்தாள். அதை அவளால் மறைக்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மூன்று தட்டுச் சோறு தின்றாள்.

மறுநாள் நாலு மணிக்கு வேலை முடிந்ததும் கோயில்மணி பலகையோடு வந்தான். அதற்கு மறுநாள் இருபது பேர் வந்தார்கள். பிறகு காக்காத்துறையில் அதுவே வழக்கமாயிற்று. காலையில் அளம், மத்தியானம் கஞ்சி, நாலு மணிக்கு மைதானம். மேஸ்திரி ஏசியதை வாங்கிக்கொண்டு வந்தவன் கோட்டுக்காரரின் முழங்காலை உடைத்தான், கால் புண்ணில் உப்பேறி எரிச்சலில் வந்தவள் எண்ணெய்ப் பெண்ணின் முடியைக் கொத்தோடு பிடுங்கினாள், சீட்டுக்காரனின் கூலிங்கிளாசை அவன் கண்ணுக்குள்ளேயே மிதித்து இறக்கினார்கள், டாக்டரின் பற்களை எண்ணி எண்ணித் தட்டினார்கள். ஒவ்வொருவரும் ஐந்து நொடியில் எழுந்தார்கள், எழுந்து சிரித்தார்கள். ஐந்து எண்ணுவதை ஊரே சேர்ந்து பாட்டுப்போல எண்ணியது. மாதா கோயில் பங்குச்சாமி, உயிர் இல்லாததை அடிப்பது பாவமா என்று கேட்டு மேற்றிராசனத்துப் பிஷப்புக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பெண்கள் பிளாஸ்கில் காப்பி கொண்டுபோனார்கள். பெர்க்மான்ஸ் மைதானத்து ஓரத்தில் வடைச்சட்டி போட்டான்.

ஊர் அமைதியாயிற்று, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. புருஷன்மார் பெண்டாட்டிகளை அடிப்பது நின்றது. சாராயக் கடையில் மண்டை உடைவது நின்றது. வரப்புச் சண்டையில் பதினைந்து வருஷமாகப் பேசாத இரண்டு குடும்பங்கள் ஒன்றாய்ச் சேர்ந்து குக்கர்காரனைக் குக்கராலேயே அடித்தன. "என் காலத்துல இப்படி ஒரு நிம்மதி இந்த ஊருக்கு வந்ததில்ல, எல்லாம் நீ செஞ்ச புண்ணியம்மா" என்று அந்தோணிப்பிச்சை தங்கக்கனியைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். அவளும் வாங்கிக்கொண்டாள். தினமும் அவளும் போனாள். போஸ்டடியில் நின்ற பச்சைச் சேலைக்காரி அவளுக்கென்று விடப்பட்டிருந்தாள். வேறு யாரும் அவளைத் தொடவில்லை.

ஆனால் பழகிய கை நாலு மணியோடு நிற்கவில்லை. ஒருநாள் கோயில்மணி தன் காலில் இடறிய ஆட்டுக்குட்டியை அடித்துப் போட்டுவிட்டு, விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றதைத் தங்கக்கனி பார்த்தாள். "என்ன கொழுந்தரே எண்ணுதீங்க?" என்று கேட்டதற்கு, அவன் திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தான். அன்றே அவள் பெட்டியை நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை, நாளைக்கும் பச்சைச் சேலைக்காரி அங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

ஆனி மாதம் முதல் சனிக்கிழமை, பகல் சாயத் தொடங்கிய நேரத்தில், உப்பளத்து வரப்பில் ஒருவன் தனியாக நடந்து வந்தான். தலையில் போர்வை மூட்டை, கையில் விரித்த ஒரு போர்வை, அதில் பெரிய சிவப்பு ரோஜாக்கள். பீகார் பக்கத்துக்காரன், பிகாஷ் மஹதோ என்று பெயர், அது பின்னால்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தவணைக்கு வாங்கிய மொபெட் கடற்கரைச் சாலையில் பஞ்சராகி நிற்க, அளத்தின் குறுக்கே போனால் ஊர் கிட்டே என்று இறங்கியிருக்கிறான். தமிழில் அவனுக்கு மூன்று வாக்கியம்தான் தெரியும். மைதானத்தில் கூட்டத்தைக் கண்டதும் மூட்டையை இறக்கி, முகம் மலரச் சிரித்து, அந்த மூன்றையும் சொன்னான்.

"அக்கா, நல்ல போர்வை. அண்ணா, கம்மி விலை. தொட்டுப் பாருங்க."

"இது புதுசுல்லா," என்றான் யாரோ.

கோயில்மணியின் பலகை முதலில் இறங்கியது.

தங்கக்கனி அப்போது ஆபீசிலிருந்து வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தாள். ஈரப் பாத்தியின் ஓரத்தில், ஒன்றன்பின் ஒன்றாய், செருப்புத் தடங்கள் பதிந்திருந்தன. இடது செருப்பில் குதிகால் தேய்ந்திருந்தது. ஒரு நிமிஷம் அவள் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "அடிக்காதீங்கலே, அது மனுசன், அது மனுசன்லே" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். மைதானத்தில் நூறு பேர் போட்ட கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்து அவள் உள்ளே போனபோது, அவன் முழங்காலில் இருந்தான், ஒரு கண் மூடிவிட்டது, வாயிலிருந்து கோழையாய் ரத்தம் இறங்கியது, ரோஜாப்போர்வையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் சொன்னான்: "அக்கா, நல்ல போர்வை. அண்ணா, கம்மி விலை." வேறு எதைச் சொன்னாலும் இவர்களுக்குப் புரியாது என்று நினைத்தானோ என்னவோ, புரிகிற அந்த வார்த்தைகளையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அவள் மேலே விழுந்து மறைப்பதற்குள் இன்னொரு பலகை அவன் பின்மண்டையில் இறங்கி, ஓடு உடைகிற சத்தம் கேட்டது.

அவன் குப்புற விழுந்தான். ஊர் எண்ணத் தொடங்கியது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

அவன் எழவில்லை. ரத்தம் உப்புத்தரையில் ஊறி, ரோஜாநிறத்தில் வட்டமாய் விரிந்தது. ஆறு, ஏழு என்று சிலர் எண்ணினார்கள். பத்துக்கு மேல் கோயில்மணி மட்டும் எண்ணினான். முப்பத்தொன்று வரை எண்ணிவிட்டு, சுற்றிலும் பார்த்து, "சிக்னல் இல்ல போல" என்றான்.

அவர்களைச் சுற்றி நின்ற விளம்பரங்கள் மூன்று விசிலில் பிரியாணி என்றும் பல் கூச்சமா என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. அப்போது போர்வை மூட்டைக்குள் ஒரு போன் அடித்தது. நூறு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். தங்கக்கனி மூட்டையைக் கிளறி அதை எடுத்தாள். ஒரு பெண் குரல், நடுவில் குழந்தையின் சிணுங்கல், அவளுக்குத் தெரியாத பாஷை. ஏதோ சாதாரணமாய்க் கேட்கிற தொனி, சாப்பிட்டாயா என்பது போல. தங்கக்கனி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றது, பிறகு பயந்தது, பிறகு லைன் அறுந்தது.

அந்தோணிப்பிச்சை வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாத குரலில் பேசினார். "எல்லாரும் கேளுங்க. இவன் யாருன்னு நமக்குத் தெரியாது. நம்மளப் பொறுத்தவரைக்கும் வந்தது விளம்பரம். பழைய அளத்துல குழி தோண்டிப் போட்டா உப்பு பாத்துக்கிடும். யாரும் வாயத் திறக்காதீங்க."

"நான் திறப்பேன்," என்றாள் தங்கக்கனி.

"என்னம்மா சொல்லுத?"

"போலீசுக்குப் போன் போடப் போறேன். இவங்க வீட்ல ஒருத்தி போனக் கையில வச்சிட்டு உக்காந்திருக்கா. நானும் அப்படி உக்காந்திருந்தவதான்."

கோயில்மணி அவள் முன்னால் வந்து நின்றான். சட்டை நெஞ்சு வரை நனைந்திருந்தது. "மதினி, நான் யாருக்காக அடிச்சேன்? அண்ணனுக்காகத்தான அடிச்சேன்? தெனமும் அண்ணனுக்காகத்தான..."

"உங்க அண்ணன் ஒரு பல்லியக்கூட அடிச்சதில்ல, கொழுந்தரே."

அவன் கை தானாக ஓங்கியது. பலகையின் விளிம்பு அவள் காதோரம் பட்டு, கண்ணுக்குள் வெள்ளையடித்து, அவள் பிகாஷின் பக்கத்தில் விழுந்தாள். கன்னத்தின் கீழே தரை வெதுவெதுப்பாக இருந்தது. மேலே, எங்கோ தூரத்தில், கோயில்மணியின் குரல் "ஒண்ணு" என்றது. "ரெண்டு" என்றது. மூன்று என்பதற்குள் அது உடைந்து, பிறந்த பிள்ளையின் அழுகைபோல ஒரு சத்தம் அதிலிருந்து வந்தது. பலகை விழும் சத்தமும் கேட்டது. தங்கக்கனி கையை ஊன்றி எழுந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. கூட்டம் வழிவிட்டது.

ஆபீசுக்குப் போய் முதலில் போலீசைக் கூப்பிட்டாள். பிறகு லைனைப் பழையபடி திருப்பிவிட்டு, பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதைத் தரையில் வைத்து, சுத்தியலால் உடைத்தாள். மைதானத்தில் நின்ற விளம்பரங்கள் அத்தனையும் அந்த நொடியில் ஒன்றாக மறைந்தன. காக்காத்துறையின் எல்லாப் போன்களிலும், எல்லாச் சட்டைப்பைகளிலும், எல்லா இடுப்பு மடிப்புகளிலும், குக்கர் விசிலடித்தது, சீட்டு கலைந்தது, பச்சைச் சேலைக்காரி சிரித்தாள். வெறும் மைதானத்தில் பலகைகளோடு நூறு பேரும், நடுவில் பிகாஷும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் அடித்தவர்கள் யார் யார் என்று கேட்டதற்கு அவள் எழுபத்து மூன்று பெயர்களைச் சொன்னாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். "நீ அவனத் தொடலன்னு எல்லாரும் சொல்லுதாங்களே" என்று ரைட்டர் பேனாவை நிறுத்தியபோது, "எழுதிக்கோங்க சார், முதல் அடி என்னுது" என்றாள். ரைட்டர் எழுதவில்லை. மற்ற எழுபத்து இரண்டு பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டார். கோயில்மணி ஒன்றையும் மறுக்காமல் வண்டியில் ஏறினான். ஊர் அவளுடைய கேபிளைப் போஸ்டுக்குப் போஸ்ட் அறுத்துப் போட்டது, ஆபீசின் ஷட்டரில் கல் விட்டது. அவள் ஊரைவிட்டுப் போகவில்லை.

நான்காம் நாள் பிகாஷின் அண்ணன் வந்தான். ரயிலில் இரண்டு ராத்திரியும் உட்கார்ந்தே வந்த கசங்கல் உடம்பில் இருந்தது. ஆஸ்பத்திரியில் உடலைப் பார்த்துவிட்டு, தம்பி விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னான். கூட்டிப்போக ஊரில் வேறு ஆள் வரவில்லை, தங்கக்கனிதான் போனாள். பேச்சை மாற்றிச் சொல்ல, தூத்துக்குடி ஹோட்டலில் பரோட்டா போடும் அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் கூட வந்தான். கறை இருந்த இடத்தில் யாரோ புது உப்பைக் கொட்டி நிரவியிருந்தார்கள். அண்ணன் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உப்பைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி, அடியில் செம்மண் நிறம் தெரிகிற வரை ஒதுக்கினான். பிறகு தலை நிமிராமல் எதையோ கேட்டான்.

பரோட்டாக்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அக்கா, அவர் கேட்குறார், தம்பி கடைசியில ஏதாவது சொல்லிச்சா, எங்க பாஷை தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்திருந்தா காப்பாத்தியிருப்பாங்களா, அவன் சொன்னது யாருக்கும் புரியலையான்னு."

தங்கக்கனி அண்ணனுக்கு எதிரே, அதே தரையில் உட்கார்ந்தாள்.

"புரிஞ்சுது," என்றாள். "எங்க எல்லாருக்கும் புரிஞ்சுது. அவன் தமிழ்லதான் பேசினான்."

பரோட்டாக்காரன் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து, அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, அண்ணனின் காதில் அதைச் சொன்னான்.